இசிஜி எடுத்தாயிற்று, படித்தாயிற்றா?

கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்தில் திடீர் மரணச் செய்திகள் 2025 ஜூன் மாதத்தில் அடுத்தடுத்து வந்தன. இறந்தவர்களில் இளவயதினரும் இருந்தனர். செய்தி பரவியதும் ஜெயதேவா இதய மருத்துவமனையின் வாசலில் கூட்டம் அலைமோதத் தொடங்கியது. வந்தவர்களில் பலருக்கு நெஞ்சுவலியும் இல்லை, மூச்சுத்திணறலும் இல்லை. பயம் இருந்தது. எதற்கும் ஒரு இசிஜி எடுத்துப் பார்த்துவிடலாம் என்று வந்திருந்தார்கள். 2021-இல் நடிகர் புனித் ராஜ்குமார் இறந்தபோதும் பெங்களூரு இதே காட்சியைப் பார்த்தது.

அந்தக் கூட்டத்தைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் கேட்ட கேள்வி நியாயமானது. ஆள் நன்றாக இருக்கும்போது எடுக்கும் இசிஜியை வைத்து, நாளைக்கு அவருடைய இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடும் என்று சொல்ல முடியுமா? இதய மருத்துவம் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டி வருகிறது. சில இடங்களில் முடியும், பல இடங்களில் முடியாது என்பதுதான் இன்றுவரை கிடைத்த விடை. முடியாத இடத்தில் நாம் காசைக் கொட்டுகிறோம். முடிகிற இடத்தில் காகிதத்தைப் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை. என் புகார் இதுதான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். இதயத்தின் ரத்தக்குழாய் அடைபட்டுத் தசை சாவது மாரடைப்பு. இதயத்தின் கீழறைகளில் மின்னோட்டம் ஒழுங்கு குலைந்து, தசை சுருங்காமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருப்பது வென்ட்ரிக்குலர் ஃபிப்ரிலேஷன். அப்போது ரத்தம் வெளியே போகாது. சில விநாடிகளில் நினைவு தப்பும், சில நிமிடங்களில் உயிர் போகும். மாரடைப்பு இதை வரவழைக்கலாம். அடைப்பே இல்லாத இதயத்திலும் இது வரலாம். படுக்க வைத்து, பசை தடவி, கை காலில் கிளிப்பும் மார்பில் குமிழும் மாட்டி எடுக்கிற இசிஜி வெறும் பத்து விநாடிப் பதிவு. ஒரு நாளுக்கு 86,400 விநாடிகள். அந்தப் பத்து விநாடிக்குள் விபரீதம் நடக்கப்போவதில்லை. அமைதியாக ஓடுகிற கோட்டிலேயே, பின்னால் வரப்போகும் கலவரத்துக்கான தடயத்தைத் தேட வேண்டும். முன்கணிப்பு என்று சொல்வது இந்த வேலையைத்தான்.

செயற்கை நுண்ணறிவு இந்த வேலையைச் செய்துவிடும் என்று இப்போது அடிக்கடி செய்தி வருகிறது. அவற்றில் கவனிக்கத்தக்க ஒன்று, பிரெஞ்சு ஆய்வாளர்கள் தலைமையிலான குழு 2025-இல் ஐரோப்பிய இதய மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு. ஆறு நாடுகளிலிருந்து, உடம்பில் ஒட்டிக்கொண்டு இரண்டு வாரம் நடமாடும் கருவிகளின் பதிவுகள் ஏறக்குறைய இரண்டரை லட்சம் திரட்டப்பட்டன. கணினிக்கு முதல் 24 மணி நேரப் பதிவை மட்டும் காட்டி, அடுத்த 13 நாட்களில் கீழறையில் அபாயகரமான வேகத் துடிப்பு யாருக்கு வரும் என்று கேட்டார்கள். வரப்போகிற பத்துப் பேரில் ஏழு பேரைக் கணினி பிடித்தது. வராதவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேரைச் சரியாக விட்டுவிட்டது. மனிதக் கண்ணால் எட்ட முடியாத திறமை, சந்தேகமே இல்லை.

ஆனால் அந்த விகிதங்களை எடுத்து வீட்டில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தப் பதிவுகளில் அபாயத் துடிப்பு வந்தது இருநூறில் ஒருவருக்கு. ஆயிரம் பேரை எடுத்துக்கொண்டால் ஐந்து பேர். அவர்களில் மூன்று அல்லது நான்கு பேருக்கு எச்சரிக்கை மணி அடிக்கும். மீதமுள்ள 995 பேரில் நூற்றுக்கு மூன்று என்றால், முப்பது பேருக்கு வீணாக அடிக்கும். மணி அடித்த பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு அந்த இரண்டு வாரத்தில் ஒன்றும் ஆகாது. இதில் கணினியைக் குறை சொல்ல முடியாது. அரிதாக நடப்பதைத் தேடுகிற எந்தச் சோதனைக்கும் இந்தத் தலைவிதி உண்டு. இத்தனைக்கும் அந்தக் கருவியை மாட்டிக்கொண்டவர்கள், ஏதோ ஒரு காரணத்துக்காக மருத்துவர் மாட்டிவிட்டவர்கள். மருத்துவமனை வாசலில் பயந்து வந்து நிற்கும் கூட்டத்தில் அந்த ஐந்து பேர்கூட இருக்க மாட்டார்கள். வீண் மணிகள் மட்டும் அப்படியே இருக்கும்.

சரி, மணி அடித்தவர்களை என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு இதய மருத்துவம் ஒருமுறை பெரிய விலை கொடுத்திருக்கிறது. அமெரிக்காவில் 1980-களில் நடந்ததை ஒவ்வொரு மருத்துவ மாணவருக்கும் முதலாண்டிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பேன்.

மாரடைப்பு வந்து பிழைத்தவர்களின் இசிஜியில் இடையிடையே ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வரும். மற்றத் துடிப்புகள் ஒல்லியாக ஊசிபோல நிற்க, இது மட்டும் அகலமாக, கோணலாகத் தெரியும். கீழறையில் ஏதோ ஒரு மூலையிலிருந்து கிளம்பிய தப்புத் துடிப்பு அது. நார்மன் ஹோல்டர் உருவாக்கிய, நாள் முழுக்கப் பதிவு செய்யும் கருவி புழக்கத்துக்கு வந்ததும் இவற்றை மணிக்கணக்கில் எண்ண முடிந்தது. பெர்னார்ட் லௌன் 1971-இல் இவற்றுக்குத் தரவரிசையே போட்டுக் கொடுத்தார். தப்புத் துடிப்பு அதிகமுள்ளவர்கள் அதிகமாக இறந்தார்கள். இதுவரை எல்லாம் உண்மை. இங்கிருந்து எடுத்த முடிவுதான் வினை. தப்புத் துடிப்பை மருந்தால் அடக்கிவிட்டால் மரணத்தையும் அடக்கிவிடலாம் என்று மருத்துவ உலகம் நம்பியது. ஃப்ளெக்கனைட், என்கனைட் என்ற மருந்துகள் அந்தத் துடிப்புகளைக் கோட்டிலிருந்து துடைத்தெடுத்தன. மருத்துவர்கள் மகிழ்ந்து எழுதிக் கொடுத்தார்கள்.

இதை முறையாகச் சோதித்துவிடலாம் என்று 1987-இல் ஓர் ஆய்வு தொடங்கியது. காஸ்ட் என்பது அதன் சுருக்கப் பெயர். மணிக்கு ஆறோ அதற்கு மேலோ தப்புத் துடிப்பு உள்ளவர்களுக்கு முதலில் மருந்தைக் கொடுத்துப் பார்த்து, யாருடைய கோடு சீரானதோ அவர்களை மட்டும் ஆய்வுக்குள் சேர்த்தார்கள். பிறகு பாதிப் பேருக்கு உண்மையான மாத்திரை, பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. தெரிந்தே வெற்று மாத்திரை கொடுப்பது அறமில்லை என்று சில மருத்துவர்கள் முணுமுணுத்தார்கள். 1989 ஏப்ரலில் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தவேண்டி வந்தது. முழுக் கணக்கு 1991-இல் வெளியானது: சராசரியாகப் பத்து மாதக் கண்காணிப்பில், வெற்று மாத்திரை விழுங்கிய 743 பேரில் 26 பேர் இறந்திருந்தார்கள். மருந்து விழுங்கிய 755 பேரில் 63 பேர்.

கோடு சீரானது, ஆள் போய்விட்டார். மாரடைப்பு விட்டுச் சென்ற தழும்பின் ஓரங்களில் மின்னோட்டம் ஏற்கெனவே தட்டுத்தடுமாறிப் போகும். மருந்து அதை இன்னும் மந்தமாக்கி, மின்சாரம் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வர வழி திறந்துவிட்டது என்பது பின்னால் வந்த விளக்கம். தப்புத் துடிப்பு, நோயுற்ற தசையின் அடையாளமாக மட்டும் இருந்திருக்கிறது. அடையாளத்தை அழித்ததால் நோய் அழியவில்லை.

மருந்துக்குப் பதிலாக, தோலுக்கடியில் வைக்கும் ஐசிடி என்ற அதிர்ச்சிக் கருவி இருக்கிறதே என்று கேட்கலாம். ஆபத்தான துடிப்பு வந்ததும் தானே மின்னதிர்ச்சி கொடுத்து ஒழுங்குக்குக் கொண்டுவரும் கருவி அது. 1980-இல் மனிதருக்கு முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. எண்ணற்ற உயிர்களைக் காத்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் யாருக்கு வைப்பது என்பதை இசிஜி கோட்டின் நுணுக்கங்களை வைத்து முடிவு செய்த முயற்சிகள் பலவும் கைகூடவில்லை. 2004-இல் வெளியான டினமிட் ஆய்வில், அண்மையில் மாரடைப்பு வந்து, இதயத்தின் இறைக்கும் திறனும் குறைந்து, துடிப்புக்குத் துடிப்பு இருக்கவேண்டிய இயல்பான ஏற்ற இறக்கமும் சுருங்கிவிட்ட 674 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். கருவி வைத்தவர்களில் துடிப்புக் கோளாறால் இறந்தவர்கள் 12 பேர், வைக்காதவர்களில் 29 பேர். அந்த மட்டில் கருவி சொன்ன வேலையைச் செய்தது. மொத்த மரணங்களையோ அது குறைக்கவில்லை. வேறு காரணங்களால் இறந்தவர்கள் கருவி வைத்தவர்களிடையே கூடியிருந்தார்கள். இன்றும் ஐசிடி வைப்பதற்கான முதன்மை அளவுகோல், எக்கோவில் பார்க்கும் இறைக்கும் திறன்தான்.

இத்தனையையும் படித்தவர்கள், இசிஜியை வைத்து எதிர்காலம் சொல்வது ஜோசியத்துக்குச் சமம் என்று பக்கத்தைப் புரட்டிவிடலாம். பொறுங்கள். சாதாரண இசிஜி இயந்திரம், சாதாரணக் காகிதம், ஒரு அளவுகோல் ஆகியவற்றைக் கொண்டு வரப்போகும் ஆபத்தைச் சொல்லக்கூடிய, சொன்ன கையோடு தடுக்கவும் கூடிய இடம் ஒன்று இருக்கிறது.

அந்தக் காகிதத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். பொடிப்பொடியான கட்டங்கள். காகிதம் விநாடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடுவதால் ஒரு சின்னக் கட்டம் 0.04 விநாடி, ஐந்து சின்னக் கட்டம் சேர்ந்த பெரிய கட்டம் 0.2 விநாடி. ஒவ்வொரு துடிப்பிலும் முதலில் ஒரு சின்ன மேடு, பிறகு ஊசிபோல ஒரு சிகரம், கடைசியில் சாவதானமாக எழுந்து இறங்கும் இன்னொரு மேடு. இவற்றுக்கு பி, க்யூ, ஆர், எஸ், டி என்று பெயர் வைத்தவர், இசிஜி ஆராய்ச்சிக்காக 1924-இல் நோபல் பரிசு பெற்ற லைடன் பல்கலைக்கழகத்து வில்லெம் ஐந்தோவன். சிகரத்தின் தொடக்கமான க்யூவிலிருந்து கடைசி மேடான டி தரைதொடும் வரை உள்ள தூரம்தான் க்யூடி. கீழறைகள் துடித்து, மறுபடி மின்னேற்றம் பெற்று, அடுத்த துடிப்புக்குத் தயாராக ஆகும் மொத்த நேரம் அது. நாடி வேகத்துக்கு ஏற்பத் திருத்தம் செய்து (பேசட் 1920-இல் கொடுத்த வாய்பாடு இன்றும் ஓடுகிறது) கிடைக்கும் எண்ணை க்யூடிசி என்பார்கள். ஆண்களுக்கு 450, பெண்களுக்கு 460 மில்லிவிநாடி வரை சரி. 500-ஐத் தாண்டினால் அபாயம். கணக்குப் போட நேரமில்லாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு: நாடி நிமிடத்துக்கு 60-க்கும் 100-க்கும் இடையில் இருந்தால், அடுத்தடுத்த இரண்டு ஊசிச் சிகரங்களின் நட்டநடுவில் ஒரு புள்ளி வையுங்கள். டி மேடு அந்தப் புள்ளிக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். தாண்டினால் உட்கார்ந்து அளக்க வேண்டும்.

இந்தத் தூரம் ஏன் நீள்கிறது? ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு இதயச் செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேறினால்தான் செல் பழைய நிலைக்குத் திரும்பும். அது வெளியேறும் புரத வாசல்களில் ஒன்று பிறவியிலேயே பழுதாக இருக்கலாம். அல்லது அவற்றில் ஒன்றை மருந்து போய் அடைத்துக்கொள்ளலாம். அந்த வாசலின் அமைப்பு, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மருந்துகளெல்லாம் வந்து சிக்கிக்கொள்கிற மாதிரி இருக்கிறது. ரத்தத்தில் பொட்டாசியமும் மக்னீசியமும் குறைந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். மின்னேற்றம் முடியாமல் இழுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் தப்புத் துடிப்பு ஒன்று வந்து விழுந்தால், பிரெஞ்சு மருத்துவர் டெசர்டென் 1966-இல் விவரித்த, முறுக்கிக்கொண்டே ஓடும் அந்த வேகத் துடிப்பு தொடங்கிவிடும். பல நேரம் தானாக நிற்கும், ஆள் மயங்கி எழுந்துவிடுவார். நிற்காவிட்டால் மரணம்.

லைப்சிக் நகரில் மைஸ்னர் என்பவர் 1856-இலேயே ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்திருக்கிறார். காது கேளாத பள்ளிச் சிறுமி ஒருத்தி, எல்லோர் முன்னிலையிலும் கண்டிக்கப்பட்டபோது சுருண்டு விழுந்து இறந்தாள். குடும்பத்தில் முன்பே இப்படித் திடீர் மரணம் நிகழ்ந்திருந்ததால் பெற்றோர் வியப்படையவில்லையாம். அப்போது இசிஜி இல்லை. நூறு ஆண்டு கழித்து, 1957-இல், நார்வே மருத்துவர்கள் ஜெர்வெல், லாங்கே-நீல்சன் இருவரும் ஒரு குடும்பத்தை விவரித்தார்கள். ஆறு பிள்ளைகள், நால்வருக்குப் பிறவியிலேயே காது கேளாது, அவர்களில் மூவர் 4, 5, 9 வயதுகளில் திடீரென இறந்தார்கள். பிள்ளைகளின் இசிஜியில் க்யூடி நீண்டிருந்தது. இதயத்தின் பொட்டாசிய வாசல்களில் ஒன்று உட்காதின் வேலைக்கும் தேவைப்படுகிறது என்பது மரபணு ஆராய்ச்சி வந்தபின் புரிந்தது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இந்த வகை நோய் வரும்.

அத்தை மகனுக்கும் தாய்மாமனுக்கும் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் வழக்கம் இன்னும் ஓயாத தமிழ்நாட்டில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காது கேளாத குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சை நடக்கிறது, பெருமைக்குரிய திட்டம். அந்தக் குழந்தைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு இசிஜி, அதில் கையால் அளந்த க்யூடிசி, அந்த எண் அறுவை அரங்குக்குள் போகும் முன் கோப்பில். இதற்கு ஆகும் கூடுதல் செலவு சில நிமிடங்கள்தான். நோய் இருக்கிறதென்றால் ப்ரோப்ரனலால் போன்ற மலிவான பீட்டா பிளாக்கர் மாத்திரை, தவிர்க்கவேண்டிய மருந்துகளின் பட்டியல், சிலருக்கு மட்டும் ஐசிடி.

காது நன்றாகக் கேட்கும் பிள்ளைகளுக்கும் இந்த நோயின் வேறு வகைகள் உண்டு. ஒரு வகையில் நீச்சலடிக்கும்போது மயக்கம் வரும். இன்னொன்றில் அலாரம் அடித்தாலோ போன் மணி ஒலித்தாலோ விழுவார்கள். விழுந்து கைகால் வெட்டுவதைப் பார்த்து வலிப்பு என்று முடிவுகட்டி, ஆண்டுக்கணக்கில் வலிப்பு மாத்திரை விழுங்க வைக்கப்பட்டவர்கள் உலகெங்கும் உண்டு. வலிப்பு என்று வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் மூளைப் பதிவு எடுப்பதோடு ஒரு இசிஜியும் எடுக்கவேண்டும் என்பது இதனால்தான். இளவயதில் ஒருவர் காரணம் தெரியாமல் இறந்த வீட்டில், பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, உடன்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் இசிஜிக்கு அழைத்துப் போகவேண்டும். பயந்து வரும் ஊரைவிட இந்த வீடுகளுக்குத்தான் இசிஜி அதிகம் சொல்லும்.

பிறவிக் கோளாறு அபூர்வம். மருந்தால் வருவது அவ்வளவு அபூர்வமில்லை. ஒவ்வாமைக்குக் கொடுத்த டெர்ஃபெனடினும், நெஞ்செரிச்சலுக்குக் கொடுத்த சிசாப்ரைடும் இந்தக் காரணத்தால் சந்தையை விட்டு விரட்டப்பட்டன. சிசாப்ரைடை அமெரிக்கச் சந்தையிலிருந்து 2000-இல் விலக்கினார்கள். இந்தியா தடை செய்தது 2011-இல். பதினொரு ஆண்டுகள் நாம் எதற்குக் காத்திருந்தோம் என்று யாரும் விளக்கியதாக நினைவில்லை.

இன்றைக்கு நம் மருந்துச் சீட்டுகளைப் பாருங்கள். வாந்திக்கு ஒண்டான்செட்ரான், வயிற்றுக்கு டோம்பெரிடோன், கிருமிக்கு அசித்ரோமைசின் அல்லது லெவோஃப்ளாக்சசின், பூஞ்சைக்கு ஃப்ளூகோனசோல். மனநல மருந்துகள் சிலவும் இதே வாசலில் போய் நிற்பவை. தனியாக எடுத்துக்கொண்டால் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை, யாரும் பயந்து மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. ஆனால் இரண்டு நாள் வாந்தி பேதியில் பொட்டாசியத்தை இழந்து, ஏற்கெனவே பலவீனமான இதயத்தோடு வரும் எழுபது வயது மூதாட்டிக்கு இவற்றில் மூன்றை ஒரே சீட்டில் எழுதுவது வேறு சமாச்சாரம். மருந்துக்கடைக்காரர் சீட்டே இல்லாமல் பொட்டலம் கட்டிக் கொடுப்பதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இத்தகைய நோயாளிகளில் பலருக்கு இசிஜி எடுக்கப்பட்டே இருக்கும். இயந்திரமே க்யூடிசி எண்ணைக் காகிதத்தின் தலையில் அச்சடித்தும் கொடுத்திருக்கும். அடைப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்து, 'இசிஜி நார்மல்' என்று எழுதிக் கோப்பில் செருகிவிடுவார்கள். இஸ்ரேலின் சாமி விஸ்கினும் சகாக்களும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு, இது நம் ஊர்க் குறை மட்டுமில்லை என்று காட்டியது. பன்னிரண்டு நாடுகளைச் சேர்ந்த 900 மருத்துவர்களிடம் நான்கு இசிஜிகளைக் கொடுத்து, எவற்றில் க்யூடி நீண்டிருக்கிறது என்று கேட்டார்கள். நான்கையும் சரியாகச் சொன்னவர்கள், துடிப்புக் கோளாறு வல்லுநர்களில் 62 சதவீதம். பொது இதய மருத்துவர்களிலும் மற்ற மருத்துவர்களிலும் கால்வாசிக்கும் குறைவு. செயற்கை நுண்ணறிவுக்கு நான் எதிரியல்ல. அதற்கு முதல் வேலையாக இதைக் கொடுங்கள் என்கிறேன்: க்யூடியை ஒழுங்காக அளந்து, மருந்துச் சீட்டோடு ஒப்பிட்டு, மருத்துவரின் திரையில் சிவப்பில் காட்டட்டும்.

எல்லோருக்கும் இசிஜி எடுத்துவிட்டால் என்ன என்ற வாதமும் உண்டு. இத்தாலி தன் விளையாட்டு வீரர்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. வெனெட்டோ பகுதியில் வீரர்களின் திடீர் மரணம் லட்சத்துக்கு 3.6-இலிருந்து 0.4-ஆக இறங்கியதாக 2006-இல் கணக்குக் காட்டினார்கள். இஸ்ரேலும் 1997-இல் சட்டம் போட்டது, அங்கே விகிதம் அசையவில்லை. விவாதம் முடியவில்லை, நம் பணத்தை அங்கே கொட்டும் அவசரமும் எனக்குத் தெரியவில்லை.

அதைவிட அவசரமானது, எடுத்த இசிஜியைக் காப்பாற்றி வைப்பது. நம் ஊரில் இசிஜி பெரும்பாலும் வெப்பத்தால் அச்சாகும் தாளில்தான் வருகிறது. பிளாஸ்டிக் உறையில் போட்டு, பீரோவில் பத்திரமாக வைத்தால்கூட சில ஆண்டுகளில் கோடு வெளிறிப்போகும். வெயிலில் பைக் டிக்கியில் கிடந்தால் தாளே கறுத்துவிடும். ஒரு புது மருந்து க்யூடியை நீட்டியிருக்கிறதா என்று தெரிய, மருந்துக்கு முந்தைய இசிஜி வேண்டும். எடுத்த அன்றே நகலெடுத்தோ செல்பேசியில் படம் பிடித்தோ வைத்துக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளில் இந்த வேலையை நோயாளி தலையில் கட்டக் கூடாது. மாரடைப்பு நோயாளியின் இசிஜியைச் சின்ன ஊர் மருத்துவமனையிலிருந்து பெரிய மையத்துக்கு அனுப்பிச் சிகிச்சை தொடங்கும் வலைப்பின்னலை 2012-இலேயே தமிழ்நாட்டில் ஓட்டிக் காட்டினார்கள். அனுப்பத் தெரிந்தவர்களுக்குச் சேமிக்கத் தெரியாதா?

இதெல்லாம் நடைமுறைக்கு ஒத்துவராது என்று சொல்பவர்கள் காசநோய்ப் பிரிவுக்குப் போய்ப் பார்க்கலாம். மருந்துக்கு மசியாத காசநோய்க்குத் தரும் பெடாகுயிலின், க்யூடியை நீட்டும் மருந்து. சென்னை உட்பட சில மையங்களில் மட்டும் 2016-இல் அதை இந்தியாவுக்குள் விட்டபோதே நிபந்தனை போட்டார்கள்: தொடங்கும் முன் ஒரு இசிஜி, பிறகு குறித்த நாட்களில் இசிஜி, ஒவ்வொன்றிலும் க்யூடிசி எண்ணாக எழுதப்பட வேண்டும், 500-ஐத் தாண்டினால் மருந்தை நிறுத்தி பொட்டாசியம் பார்க்க வேண்டும். இப்போது அந்த மருந்து மாவட்டங்கள் வரை வந்துவிட்டது, இசிஜி நிபந்தனையும் கூடவே வந்திருக்கிறது. இதற்காகத் தனி இயந்திரம் எதுவும் வாங்கவில்லை. அதே கட்டடத்தின் பொது மருத்துவ வார்டிலும் மனநல வார்டிலும் அதே எண்ணைக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுத, மக்கள் நல்வாழ்வுத் துறையின் ஒரு சுற்றறிக்கை போதும்.